சாம்பிள் ஒன்று அனுப்புங்கள்!

வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஊருக்குக் கடிதம் போட்ட காலம் ஒன்று இருந்தது. டைப்பில் ஹையரும் ஷார்ட்ஹாண்டில் லோயரும் பாஸ் செய்த பையன் தாதரில் வந்து இறங்குவான். மாட்டுங்காவிலோ சயான் கோலிவாடாவிலோ தெரிந்தவர் வீட்டில் ஒரு மூலையில் பாயை விரித்துக்கொள்வான். சிபாரிசு செய்தவர் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம் அவனுக்கும் உண்டு. ஊரிலிருந்து வந்த பிள்ளையை ஏமாற்றினால் நாலு பேர் கேட்பார்களே என்ற பயம் முதலாளிக்கும் உண்டு. இன்று அந்தச் சிபாரிசுக்காரரின் நாற்காலியில் இணையம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆள் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறான். பயம் மட்டும் இரண்டு பக்கமும் போய்விட்டது.

செம்பூரில் நான் நடத்துவது மிகச் சிறிய மொழிபெயர்ப்பு, டி.டி.பி. நிறுவனம். என்னையும் சேர்த்து மூன்றே பேர். வங்கி விளம்பரம், காப்பீட்டுப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் என்று ஒரே வாரத்தில் வந்து குவிந்தால் மூன்று பேர் கைக்கு அடங்காது. எனவே வெளியாட்களை இணையத்தின் வழியாகத்தான் பிடிக்கிறேன். நம் சங்கத்து அன்பர்களில் விளம்பர ஏஜென்சி, டிராவல்ஸ், ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பவர்கள் பலரும் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் செய்கிற விதம் சரியில்லை என்பது என் எண்ணம். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த ஆள் பிடிக்கும் சந்தைகள் ஒன்றும் புதியவை அல்ல. ஈலான்ஸ் 1999-இல் தொடங்கியது. அது ஓடெஸ்க்குடன் இணைந்து 2015-இல் அப்வொர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஃபைவர், இஸ்ரேலில் 2010-இல் பிறந்தது. ஐந்து டாலருக்கு ஒரு வேலை என்று ஆரம்பித்ததால் அந்தப் பெயர். வேலை கொடுப்பவரின் பணத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் செய்தவருக்குக் கொடுப்பார்கள். ஃபைவரில் செய்தவரின் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு கமிஷனாகப் போய்விடும்; ஆயிரம் ரூபாய் வேலைக்கு எண்ணூறுதான் கைக்கு வரும். ஆனாலும் பணம் நிச்சயம். அதனால்தான் நம்மவர்கள் பலர் அந்தச் சந்தையில் ஆளைப் பார்த்துவிட்டு, கமிஷனை மிச்சம் பிடிக்க, வாட்ஸ்அப்பில் தனியாகப் பேசி முடித்துக்கொள்கிறார்கள். சந்தையை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பணப் பாதுகாப்பும் போய்விடுகிறது. போவது யாருக்கு? வேலை செய்பவருக்குத்தான்.

அடுத்தது சாம்பிள். "ஒரு சாம்பிள் அனுப்புங்கள், பிடித்திருந்தால் வேலை தருகிறோம்" என்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். முலுண்டில் எங்களுக்குப் பழக்கமான ஒரு வீட்டு மருமகள், எம்.ஏ. படித்தவள், கைக்குழந்தைக்காக வேலையை விட்டவள். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பக்கம் சாம்பிள் மொழிபெயர்த்து அனுப்பினாள். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து அந்த இரண்டு பக்கமும் ஒரு வீட்டுமனை விளம்பரப் புத்தகத்தில், ஒரு கமா கூட மாறாமல் அச்சாகி அவள் வீட்டுத் தபால் பெட்டிக்கே வந்தது. பக்கத்துக்கு ஒரு ஆளாக எத்தனை பேரிடம் அப்படி வாங்கினார்களோ! "காசு போனாப் போகுது அக்கா, ஒரு வரி பதில் போட்டிருக்கலாம்ல" என்றாள் என்னிடம். எனக்கென்னவோ காசும் போயிருக்கக் கூடாது என்றுதான் தோன்றுகிறது. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து செய்தது அது.

சோதித்துப் பார்க்காமல் வேலை கொடுக்க முடியாது, உண்மை. அதற்கு இருநூறு சொல் போதும், அதற்கும் கூலி உண்டு. நான் கொடுக்கும் சோதனைப் பத்தி ஒரு காப்பீட்டுப் படிவத்தின் வாசகம். சலுகைக் காலத்துக்குள் பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகும் என்பது அதன் சாரம். நாலைந்து பேரிடமிருந்து, "கருணைக் காலத்துக்குள் செலுத்தாவிடில் கொள்கை காலாவதியாகும்" என்று வந்திருக்கிறது. கணினி மொழிபெயர்த்ததை ஒரு தடவை கூடப் படிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்தக் 'கொள்கை'யே காட்டிக் கொடுத்துவிடும். கணினியைப் பயன்படுத்துவதை நான் தவறென்று சொல்லவில்லை, எங்கள் அலுவலகத்திலும் பயன்படுத்துகிறோம். அது எழுதியதைத் தமிழ் தெரிந்த ஒருவர் படித்தாரா என்பதே என் கேள்வி. இந்தச் சோதனைக்குச் சில நூறு ரூபாய் செலவாகும். அதை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது, அரைக் காசுக்குக் கல்யாணம், அதிலே கொஞ்சம் வாணவேடிக்கை என்பார்களே, அந்தக் கதைதான்.

இணையத்தில் ஆள் எடுப்பதில் எனக்குப் பிடித்ததும் ஒன்று உண்டு. தமிழ் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்கிறோம். யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் எங்களுக்குச் செய்து தருகிறார். எழுத்துப் பிழை என்று ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மதுரைப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கான ஒரு படிவத்தில் 'பாவனையாளர்' என்று எழுதியிருந்தார். அங்கே பாவனை என்றால் உபயோகம், பாவனையாளர் என்றால் உபயோகிப்பவர். நம் பக்கத்தில் பாவனை என்றால் பாசாங்கு! பாவனையாளர் கணக்கு என்று அச்சடித்திருந்தால் கணக்கு வைத்திருப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? குறை அவருடைய தமிழில் இல்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று சொல்வது வேலை கொடுப்பவரின் கடமை. இப்போது ஒவ்வொரு வேலையோடும் படிப்பவர் எந்த ஊர், எந்த வயது என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறோம். அவருடைய மருத்துவமொழி அறிவுக்கு ஈடாக மும்பையில் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறார் என்பதற்காக அவரை வைத்துக்கொள்ளவும் இல்லை.

இனிப் பணம். "கிளையண்ட் இன்னும் கொடுக்கவில்லை, வந்ததும் தருகிறேன்" என்பது நம் சிறு முதலாளிகளின் மந்திரம். கிளையண்ட் யார், அவர் எப்போது கொடுப்பார் என்பதெல்லாம் செய்தவருக்கு எதற்கு? 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. வீட்டில் ஒரு கணினியோடு உட்கார்ந்து வேலை செய்பவரும் 'உத்யம்' தளத்தில் ஆதாரைக் கொண்டு பதிவு செய்துகொள்ளலாம். அரசு இதற்குக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. இடையில் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். முதலாளிகளுக்கும் ஒரு சேதி: 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை நிலுவையிலேயே வைத்துக்கொண்டு வருமான வரிக் கணக்கில் செலவு காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம்.

"சின்ன ஏஜென்சி அம்மா, கையில் முதல் ஏது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. பெரிய நிறுவனங்கள் எங்களை மூன்று மாதம் காக்க வைக்கின்றன. ஆனால் அந்த மூன்று மாதத்தை, நம்மைவிட இளைத்தவரின் தலையில் இறக்கி வைப்பதுதான் வழியா? கிளையண்டிடம் பாதி முன்பணம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த வேலையே வேண்டாம். நான் இரண்டு பெரிய வேலைகளை அப்படி விட்டிருக்கிறேன். வருத்தம் இருந்தது, அரிசி வாங்கக் காசில்லாமல் போய்விடவில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்துவிட்டோம், எழுத்து நம்முடையது என்று நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாதச் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையில் எழுதியதுதான் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வெளியாள் எழுதிக் கொடுத்தது, கையெழுத்திட்டு எழுத்து மூலமாக மாற்றித் தரும் வரை அவருடையதே. அப்படி மாற்றித் தரும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும். முலுண்டுப் பெண்ணின் சாம்பிளை அச்சடித்தவர்கள் இதை அறிவார்களா என்று தெரியவில்லை. அரைப் பக்க ஒப்பந்தம் இருவருக்கும் நல்லது. வேலை எது, எத்தனை சொல், எந்தத் தேதி, எத்தனை திருத்தம், கூலி எவ்வளவு, உரிமை யாருக்கு என்று எழுதினால் அரைப் பக்கத்துக்கு மேல் போகாது.

வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லும் கூட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வேலை கொடுப்பவர் கூலி கொடுப்பார், வாங்கமாட்டார். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள், தாமதித்தால் பயனில்லை.

கடைசியாகச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். டோம்பிவிலியிலும் வாஷியிலும் தாராவியிலும் நம் வீடுகளிலேயே மொழிபெயர்க்க, கணக்கெழுத, படம் வரைய, புரூஃப் பார்க்கத் தெரிந்த பெண்களும் ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறார்கள். வேலை கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஐந்து டாலர் சந்தையில் சந்தித்துக்கொள்கிறார்கள். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம். ஒரு பக்கத்தில் செய்பவரின் பெயரும் தெரிந்த வேலையும், எதிர்ப்பக்கத்தில் வேலை கொடுப்பவரின் பெயரும் அவர் எத்தனை நாளில் பணம் கொடுத்தார் என்பதும் இருக்கட்டும். இரண்டாவது பக்கம்தான் முக்கியம். அதை எழுத யாரும் முன்வராவிட்டால் முதல் வரியில் என் நிறுவனத்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நாள் ஏழு என்று போடலாம். எட்டாவது நாள் ஆகிவிட்டால் செய்தவரே வந்து அதைத் திருத்தட்டும்.