கையை எடுக்காம கியர் மாத்தலாம்… கெட்டுப்போனா?

1990-ல் ஷிமானோவின் எஸ்டிஐ வரும் வரை, ரோட் சைக்கிள்களில் கியர் லீவர் பெரும்பாலும் டவுன் டியூப்லதான் இருந்துச்சு. மாத்தணும்னா ஹேண்டில்பார்ல இருந்து ஒரு கையை எடுக்கணும். எஸ்டிஐ-ல பிரேக் லீவரையே உள்பக்கமா தள்ளினா கியர் மாறும். வேகமான இறக்கத்துல இது சொகுசு இல்ல, பாதுகாப்பு. ஒத்துக்கறேன்.

ஆனா பழைய ஃப்ரிக்‌ஷன் லீவர்ல இருந்தது ஒரு ஸ்க்ரூ, சில வாஷர், அவ்வளவுதான். எஸ்டிஐ-க்குள்ள குட்டிக் குட்டி ராட்செட், ஸ்ப்ரிங். உள்ளே கிரீஸ் இறுகினாலே கியர் விழாது. ஏதாவது உடைஞ்சா பெரும்பாலும் லீவரையே முழுசா மாத்தணும்.

இது தவிர்க்க முடியாததா? காம்பக்னோலோ 1992-ல் கொண்டுவந்த எர்கோபவரைக் கழட்டி, உடைஞ்ச ஸ்ப்ரிங்கை மட்டும் மாத்தலாமே! நாமளும் டிசைன் ப்ராஜெக்ட்ல எடை, விலை எல்லாம் கணக்கு போடறோம். ‘ஸ்பேர் கிடைக்குமா’ன்னு ஒரு வரி? என் ரிப்போர்ட்லயும் இல்ல.