காற்றுக்குக் கணக்குண்டு, கூரைக்கு?

தோழனே!

வயல் நிறையச் சம்பா நிற்கும். வாய்க்கால் நிறைய நீர் நிற்கும். வங்கக் கடலிலே புயலும் வந்து நிற்கும். இதுதான் தஞ்சைத் தரணியின் நவம்பர்த் திங்கள்!

1952-இல் வந்தது. 1977-இல் வந்தது. 2008-இல் 'நிஷா' என்ற பெயரிலே வந்தது. 2018-இல் 'கஜா' என்ற பெயரிலே வந்தது. நான்கு முறையும் நவம்பரிலேதான் வந்தது. திங்கள் தவறாது வருபவனை 'எதிர்பாராத விருந்தாளி' என்று எவரேனும் கூறுவரோ? கூறுகிறோமே, ஒவ்வொரு முறையும்!

அறிவியல் வளர்ந்திருக்கிறது, மறுப்பாரில்லை. கஜா வருமுன்பே வானிலை ஆய்வாளர்கள் நாள் குறித்தனர், இடம் குறித்தனர். கரையோரத்திலும் தாழ்விடங்களிலும் வாழ்ந்த எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிர்கள் பல காக்கப்பட்டன. பாராட்டுகிறோம்.

ஆனால், நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய காற்று கரையோடு நின்றதா? மன்னார்குடியை மோதிற்று. ஒரத்தநாட்டை, பட்டுக்கோட்டையை, பேராவூரணியை உலுக்கிற்று. புதுக்கோட்டையையும் தாண்டிச் சென்றது. அலையோசை கேட்டறியாத ஊர்களிலே கூரைகள் பறந்தன. புயலுக்குப் பின் முகாம்களிலே இருந்தோர் இரண்டு இலட்சத்துக்கும் மேல்!

வருமுன் எண்பதாயிரம், வந்தபின் இரண்டு இலட்சம். இடையிலே உள்ளவர்கள் யார்? கணக்கிலே விடுபட்டவர்கள்! கடல் எத்தனை கல் தொலைவு என்று அளந்தோம். சுவர் மண்ணா, கூரை கீற்றா என்று பார்க்க மறந்தோம்.

விழுந்த தென்னைக்குக் கணக்கெடுத்தார்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. புதுக் கன்று நட்டுக் காய் காண ஆண்டுகள் ஐந்தாறு ஆகும். அதற்கு இது போதுமா என்பது தனி வழக்கு. நான் கேட்பது வேறு. மரத்துக்கு உடையவருக்குப் பட்டா உண்டு, அதனால் ஏட்டிலே இடம் உண்டு. அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்தவனுக்கு? மட்டை உரித்தவனுக்கு? கீற்று முடைந்தவளுக்கு? மரத்தோடு சாய்ந்த அவர்கள் வாழ்வை எந்த வரியிலே எழுதுவது?

காற்று இயற்கை தந்தது. குடிசையும் இயற்கை தந்ததா? ஒரே தெரு, ஒரே காற்று. மாடி வீட்டின் சன்னலைத் தட்டிவிட்டுப் போகிறது. குடிசையைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரே வானம், ஒரே மழை. தூர் வாரிய வடிகால் இருந்தால் வடிகிறது. ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் பயிரை அழுக வைக்கிறது. ஆபத்தின் பாதி வானத்தில் இருக்கிறது. மறுபாதி நாம் வாழும் வகையில் இருக்கிறது. வானத்தை மாற்ற வழியில்லை. மறுபாதியை மாற்றத் தடை என்ன?

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் திட்டம் வேண்டும் என்கிறது. அபாயப் பகுதிகள் தரம் பிரிக்கப்படுகின்றன. நன்று. அந்தப் பட்டியல் அலமாரியிலே உறங்குவதற்கா?

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். அடைமழைக்கு முந்திய சபை அது. எழுந்து நின்று கேள்: "எங்கள் ஊர்ப் பட்டியலைப் படியுங்கள். எத்தனை மண்சுவர்? எத்தனை கீற்றுக் கூரை? நடக்க இயலாத முதியோர் எந்த வீட்டில்? எந்த வடிகால் அடைபட்டிருக்கிறது?"

விடை இல்லையென்றால், நீயே தெருத்தெருவாய்ச் சென்று எழுது. வாக்குக் கேட்க ஒரு வீடு விடாமல் ஏறிய கால்கள்தானே நம் கால்கள்! உயிர் காக்கவும் ஒருமுறை ஏறட்டும்.

புயல் வந்தபின் அரிசி மூட்டையோடு போவது இரக்கம். வருமுன் ஏட்டோடு போவதே அரசியல்!