நாட்காட்டியின் திறவுகோல் யார் கையில்?

கொக்குவில் என்றதும் யாழ்ப்பாணத்தார் நினைவில் எழுவனவற்றுள் ஒன்று பஞ்சாங்கம். இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் இவ்வூரிலிருந்தே வெளிவந்து, குடாநாட்டின் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் நாள் குறித்துக் கொடுத்தது. சந்திரனின் இயக்கத்தை 248 வாக்கியங்களில் அடக்கிய பழங்கணிதம் வாக்கிய முறைக்கு அடிப்படை. கணக்கைச் சொல்லில் வடித்துவைத்த மரபு அது.

இன்று நம் இளைஞர் சொல்லால் பணிக்க, செயற்கை நுண்ணறிவு கணினி நிரலை எழுதித் தருகின்றது. அத்துணைவனோடு இணைய நாட்காட்டியையும் பிணைக்கலாம். இத்தகைய இணைப்புகளுக்கென ஒரு பொது நெறியை 2024 நவம்பரில் அந்திரோபிக் நிறுவனம் வெளியிட்டது. 2025இல் ஓப்பன்ஏஐ, கூகுள் ஆகிய நிறுவனங்களும் அதனை ஏற்றன. “இவ்வாரம் எனக்கு ஓய்வுள்ள நேரம் எது? அதற்கேற்ப வேலையைப் பங்கிடு” என்றால் இயந்திரம் பங்கிட்டுத் தரும். வெங்காயம் நட்ட நாளிலிருந்து மருந்து தெளிக்கும் நாளைக் கணக்கிடும் சிறு நிரலைக்கூட ஒரு கமக்காரனுக்கு எழுதிக் கொடுக்கும்.

நன்மையை மறுப்பார் யார்? ஆனால், வீட்டுத் திறவுகோலைக் கொடுக்குமுன் வருபவன் எந்த அறைவரை செல்வான் என்று கேட்க வேண்டாமா?

நாட்காட்டி நமக்கு மட்டும் உரியதன்று. வைத்தியரின் நாட்காட்டியில் நோயாளியின் பெயர் இருக்கின்றது. வழக்கறிஞரின் நாட்காட்டியில் கட்சிக்காரரின் இரகசியம் இருக்கின்றது. “அனுமதி” என்னும் பொத்தானை அழுத்துபவர் ஒருவர். வெளிப்படுவதோ பலருடைய வாழ்வு.

மற்றோர் ஆபத்தும் உண்டு. நாட்காட்டிக்குள் அழைப்பொன்றைப் பிறரும் அனுப்பலாம். அதில் ஒளித்துவைத்த கட்டளையை இயந்திரம் தன் எசமானின் கட்டளையென மயங்கக்கூடும். இது வீண் கற்பனையன்று. 2025 ஆகஸ்டில் இஸ்ரவேல் ஆய்வாளர்கள் இதனைச் செய்தே காட்டினர். நாட்காட்டி அழைப்பில் மறைந்திருந்த சொற்களால் கூகுளின் ஜெமினி ஏமாந்து, ஒரு வீட்டின் விளக்கை அணைத்தது. சாளர மறைப்பைத் திறந்தது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கூகுள் நிறுவனம் தடுப்புகளை அமைத்தது. எனினும், இக்குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. படிக்கும் செய்திக்கும் பணிக்கும் கட்டளைக்கும் இடையே உறுதியான வேலியில்லாமை இவ்வகை இயந்திரங்கள் அனைத்துக்கும் பொதுவான குறை. நிரல் எழுதும் துணைவனோ கோப்புகளைத் திருத்தவும் கட்டளைகளை இயக்கவும் வல்லவன். அவன் ஏமாந்தால் கேடும் பெரிது.

ஆதலால் நாம் கூறுவது இதுவே. முதலாவதாக, வேலைக்கெனத் தனி நாட்காட்டி வைத்து, அதனை மட்டும் இணையுங்கள். இரண்டாவதாக, வாசிக்கும் உரிமை போதுமானால் எழுதும் உரிமையைக் கொடாதீர்கள். எழுதித்தான் ஆகவேண்டுமெனில், ஒவ்வொரு மாற்றத்தையும் உங்கள் ஒப்புதலின் பின்னரே செய்யுமாறு அமையுங்கள். மூன்றாவதாக, ஒருமுறைத் தேவைக்கு இணைப்பே வேண்டியதில்லை. ஐகலண்டர் என்னும் பொது வடிவம் 1998இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. அவ்வடிவில் பிரதியொன்றை எடுத்து, பிறர் பெயரை நீக்கிக் கொடுங்கள். இறுதியாக, வேலை முடிந்ததும் கொடுத்த அனுமதியை மீளப் பெறுங்கள்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென இயற்றப்பட்டது. சட்டம் இருப்பது நன்று. ஆயினும், நாமே திறந்துவிட்ட கதவைச் சட்டம் வந்து சாத்தும் என்று காத்திருப்பது அறிவுடைமையாகாது.

வாக்கியமா, திருக்கணிதமா என்று பஞ்சாங்கத்தையே ஒப்பிட்டு வாதிட்டு நாளைத் தெரிந்தெடுத்த மக்கள் நாம். கணித்தவர் எவராயினும் முடிவை நம் கையில் வைத்திருந்தோம். அந்த விழிப்பை இந்தப் புதிய கணக்கனிடம் மட்டும் ஏன் இழக்க வேண்டும்? நாளைக் கணிப்பது இயந்திரமாகலாம். நாளைக் குறிப்பவன் மனிதனாகவே இருத்தல் வேண்டும்!