வரியைக் குறைப்போம்னு சொன்னா நம்பாதீங்க மக்களே!

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு தினமும் வண்டியில் போய் வருபவன் நான். போக வர சுமார் 24 கிலோமீட்டர். அப்பாவோட பழைய வண்டி, லிட்டருக்கு ஐம்பது கொடுத்தால் அதிகம். அதாவது நாளைக்கு அரை லிட்டர், மாசத்துக்கு பன்னிரண்டரை லிட்டர். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

2021 மார்ச் 13ஆம் தேதி திமுக தேர்தல் அறிக்கை வந்தது. ஐநூறுக்கும் மேற்பட்ட வாக்குறுதிகள். அதில் ஒன்று, பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாயும் டீசல் 4 ரூபாயும் குறைப்போம் என்பது. ஆட்சிக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தார். அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றும் சொன்னார். டீசலுக்கு? ஒண்ணும் இல்லை.

அஞ்சுக்கு மூணு, அறுபது மார்க், பாஸ்தானே என்று என் கிளாஸ்மேட் ஒருத்தன் கேட்டான். அவனுக்கு 2020 மே மாசம் மறந்துபோச்சு. ஊரடங்கு நேரத்தில், வண்டியை வெளியே எடுக்கவே முடியாத நாளில், அப்போதைய அதிமுக அரசு வரி முறையை மாற்றியதில் பெட்ரோல் 3 ரூபாய் 25 காசு ஏறியது. டீசல் 2 ரூபாய் 50 காசு. ஆக, ஒரு கட்சி ஏற்றியதில் இன்னொரு கட்சி 25 காசைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தது. இதுக்குப் பேர் வரிக் குறைப்பு!

சரி, என் பங்கு எவ்வளவு? பன்னிரண்டரை லிட்டர், மூணு ரூபாய். மாசம் 37 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு 450. சும்மா சொல்லக்கூடாது, நல்ல காசுதான். இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம்.

அதே அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. கொரோனாவால் பாதிக்கப்பட்ட பொருளாதாரம் சீராகும் வரை சொத்து வரி உயர்த்தப்படாது என்று. "சீராகும் வரை" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சீராகிவிட்டது என்று யார் சொல்வது? வாக்குக் கொடுத்தவரேதான்! 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். எங்க தெருவுக்கு ஓட்டு கேட்டு வந்த ஒருத்தரிடம் அப்பா இதைக் கேட்டார். "அதெல்லாம் ஏத்த மாட்டாங்க அண்ணாச்சி" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். ஏப்ரல் 1ஆம் தேதி உயர்வு அறிவிப்பு வந்தது. நாற்பத்தோரு நாள். முட்டாள்கள் தினத்தில் அறிவித்தது தற்செயல் என்றே நம்புவோம் :-)

சென்னையைத் தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எங்க வீடு இரண்டாவது வகை. அரையாண்டுக்கு 600 கட்டியது 900 ஆனது. வருஷத்துக்கு 600 ரூபாய் கூடுதல். பெட்ரோலில் வந்தது 450, சொத்து வரியில் போனது 600. பேலன்ஸ் ஷீட் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

உடன்பிறப்புகள் கோபப்பட வேண்டாம். ரத்தத்தின் ரத்தங்கள் சிரிக்கவும் வேண்டாம். 2018 ஜூலையில் வீடுகளுக்கு 50 சதவீதம் வரை சொத்து வரியை ஏற்றியது அதிமுக அரசு. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும், 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தது. 2011இல் ஜெயலலிதா ஜெயித்த இரண்டே மாதத்தில் வாட் வரி 4 சதவீதம் 5 ஆனது, 12.5 சதவீதம் 14.5 ஆனது. அந்த வருஷம் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. நவம்பரில் பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறின. யார் வந்தாலும் காலண்டர் ஒன்றுதான்.

சொத்து வரியை ஏற்றியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சென்னைக்கு வெளியே கடைசியாக பொதுச் சீராய்வு நடந்தது 2008இல். குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் காசு வேணும். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயித்து, மாநில வளர்ச்சிக்கேற்ப வசூலைக் கூட்டினால்தான் மத்திய மானியம் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது உண்மை. அரசும் இதைத்தான் காரணமாகச் சொன்னது. ஆனால் அந்த நிதிக்குழு அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2021 பிப்ரவரி 1ஆம் தேதி. தேர்தல் அறிக்கை வந்தது மார்ச் 13. ஆறு வாரம் முன்னாடியே நிபந்தனை ஊரறிய வெளிவந்துவிட்டது! படிக்காமல் வாக்குறுதி எழுதினார்களா, படித்துவிட்டு எழுதினார்களா? எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லா வாக்குறுதியும் பொய்யா? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கு. 2006இல் சொன்ன கலர் டிவி வந்தது. 2011இல் சொன்ன மிக்சி, கிரைண்டர், ஃபேன் வந்தது. 2021 மே 7ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ்ஸுக்குக் கையெழுத்து விழுந்தது. கொடுக்கும் பொருளுக்கு மேடை உண்டு, மாலை உண்டு, போட்டோ உண்டு. குறைக்கும் வரிக்கு என்ன உண்டு? பெட்ரோல் பங்க்கில் நின்று, ஆஹா 3 ரூபாய் மிச்சம் என்று யாராவது முதல்வரை வாழ்த்தியிருக்கிறோமா? அதனால்தான் சொல்கிறேன், இலவசத்தைக் கூட நம்பலாம், வரிக் குறைப்பை நம்பக்கூடாது.

வரிக்கு இன்னொரு குணமும் உண்டு. வந்தால் போகாது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி அரசு விற்பனை வரி கொண்டு வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. விற்பனை வரி போச்சா? பேர் மாறி வாட் ஆகி, ஜிஎஸ்டி ஆகி, நம்ம கூடவே இருக்கு. டாஸ்மாக்கும் இருக்கு.

அமெரிக்காவில் 1988இல் புதிய வரியே கிடையாது என்று சத்தியம் செய்தார் சீனியர் புஷ். 1990இல் வரியை உயர்த்த ஒப்புக்கொண்டார். 1992இல் தோற்றார். நம்ம ஊரில் 2024 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணிக்கு 39க்கு 39. அவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

ஒப்பந்தச் சட்டம் படிக்கும்போது, தெளிவில்லாத உடன்படிக்கை செல்லாது என்று மனப்பாடம் செய்கிறோம். தேர்தல் அறிக்கை ஒப்பந்தமே இல்லை என்பது வேறு கதை. 2013இல் தமிழக இலவசங்கள் பற்றிய வழக்கில், அறிக்கையில் வாக்குறுதி தருவது ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். கூடவே விதிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. அதன்படி, பணத்துக்கு வழி என்ன என்பதையும் அறிக்கையில் பொதுவாகவாவது சொல்லவேண்டும் என்று நடத்தை விதியில் சேர்த்தார்கள். நீங்கள் கடைசியாகப் படித்த அறிக்கையில் அந்தப் பக்கம் இருந்ததா?

அடுத்த தடவை யாராவது வரியைக் குறைப்போம் என்று வாசலில் வந்து நின்றால், எந்தத் தேதியில் இருந்து, எத்தனை கோடி இழப்பு, அதை வேறு எந்த வரியில் வசூலிப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்க அப்பா எழுதி வாங்காமல் விட்டுவிட்டார்.