கடல் இல்லாத கடலம்மா

கழுகுமலைக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம்? பக்கத்து ஊர் கோவில்பட்டியின் கடலை மிட்டாய், அவ்வளவுதான். கரிசல்காட்டில் பிறந்தவன் சாமியிடம் கேட்பது மழை. அலையை அடக்கச் சொல்லி நாங்கள் வேண்டிக்கொண்டதே கிடையாது.

அப்படிப்பட்ட என்னைப் போன வருஷம் ஒரு கடல் தெய்வத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான் என் மாமா மகன். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்ப்பவன். "வாங்கத்தான், சீனக் கோயில் ஒண்ணு காட்டுறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப்போனான்.

கோயில் பெயர் தியான் ஹோக் கெங். 1839-ல் ஆரம்பித்து 1842-ல் கட்டி முடித்தது. சீனாவின் ஃபூஜியன் பக்கத்திலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவர்கள், உயிரோடு கரையேறியதற்கு நன்றி சொல்ல எழுப்பியது. உள்ளே இருப்பவள் மாட்சூ. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஃபூஜியனை ஒட்டிய தீவில் பிறந்த பெண், புயலில் தவிப்பவர்களைக் காப்பாற்றும் தெய்வமானாள் என்பது ஐதீகம். அவளுக்கு இரண்டு உதவியாளர்கள். ஒருவர் ஆயிரம் காதம் தாண்டிப் பார்ப்பார். இன்னொருவர் காற்றில் வரும் முணுமுணுப்பையும் கேட்பார். (என் பழைய ஆபீஸ் மேனேஜருக்கும் இப்படி இருவர் உண்டு. ஆனால் யாரையும் காப்பாற்றியதில்லை!)

அதே தெருவில் நாலு எட்டு வைத்தால் நாகூர் தர்கா! நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1828-30-ல் கட்டியது. இப்போது பாரம்பரிய நிலையமாக இருக்கிறது. பாஷை வேறு, கும்பிட்ட முறை வேறு. வயிற்றில் புளியைக் கரைத்த கடல் மட்டும் ஒன்று.

"சரி மாப்ளே, கடல் எங்கே?"

வாசல் வரை வந்த கடலை 1880-களில் மண்ணைக் கொட்டித் தூர்த்துத் தள்ளிவிட்டார்களாம். அந்தப் பக்கமெல்லாம் இப்போது ஆபீஸ் கட்டடங்கள்.

மாப்பிள்ளை ஊதுபத்தியோடு வெகுநேரம் நின்றான்.

"பிளேன்ல வந்தவன் நீ. உனக்கு இந்தம்மாகிட்ட என்னடா வேலை?"

"கடலைத் தாண்டியாச்சுத்தான். கடனை எப்பத் தாண்டுறது?"

ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட, ரெண்டு ஏக்கர் கரிசலை அடகு வைத்துவிட்டு வந்தவன். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஊருக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன். மகனுக்காக மலையைச் சுற்றிவிட்டு, கழுகாசலமூர்த்தி கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"மொதல்லயே சொல்லக்கூடாதாய்யா? அந்த ஆத்தாளுக்கும் சேத்து ஒரு தேங்காய் உடைச்சிருப்பேன்ல!" என்றாள்.