பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?

உல்லாசப் பிரயாணத்துறையின் அகராதியில் மிகவும் மலிந்துபோன சொற்களில் ஒன்று 'பூட்டிக் ஹோட்டல்'. 1984 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் மோர்கன்ஸ் என்ற சிறிய ஹோட்டலைத் திறந்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ருபெல், பெரிய ஹோட்டல்களைச் சகலதும் விற்கும் பெரிய அங்காடிகளுக்கும் தமது ஹோட்டலைத் தெரிந்தெடுத்த ஆடைகளை மாத்திரம் விற்கும் சிறு கடைக்கும் ஒப்பிட்டார் என்பர். அந்த ஒப்புமையே பெயராக நிலைத்துவிட்டது. அதற்கு முன்னரே, 1978 இல், லண்டனில் பிளேக்ஸ் என்ற ஹோட்டல் இதே பாணியில் திறக்கப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்த நிலையில், பத்து அறைகளும் வெள்ளைத் திரைச்சீலைகளும் இருந்தால் எதற்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்றாகிவிட்டது. அதனுடன் 'காதலர்க்கு உகந்தது' என்ற அடைமொழியையும் 'மத்தியதரைக் கடல் தீவு' என்ற முகவரியையும் சேர்த்துவிட்டால் விலை பல மடங்காகிறது.

அத்தகைய விலையைக் கொடுத்துத் தங்குவது பத்திரிகையாளனின் வருமானத்திற்கு உட்பட்ட காரியமல்ல. எமது முப்பதாவது திருமண நாளை முன்னிட்டு லண்டனில் வசிக்கும் மகளும் மருமகனும் ஏற்பாடு செய்தமையால், 2025 செப்டெம்பர் இறுதியில் நானும் மனைவியும் கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில், இயா என்ற கிராமத்தில் மூன்று இரவுகள் தங்க நேர்ந்தது. விருந்தோம்பலில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால், மூன்று நாட்களும் என் மனதைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. நாம் படுத்துறங்கும் இந்த அறை யாருடைய வீடாக இருந்தது, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதே அது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் அழகை மாத்திரம் பார்த்துவிட்டு வருவது அரைகுறைப் பயணம் என்பது என் கருத்து.

சான்டோரினியின் உத்தியோகபூர்வப் பெயர் தீரா. சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலை வெடித்து நடுநிலம் கடலில் அமிழ்ந்ததன் பின்னர் எஞ்சிய பிறை வடிவ விளிம்பே இன்றைய தீவு. சில இடங்களில் 300 மீற்றர் உயரத்திற்குச் செங்குத்தாக எழும் பாறைச் சுவரின் உச்சியில் வெள்ளை வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எமது அறையின் வாயிலில் நின்று பார்த்தால் கீழே கடல், நடுவே கறுத்த எரிமலைத் தீவுகள், அப்பால் தீராசியாத் தீவு. அந்தக் காட்சியை வர்ணிக்கப் புகுவது வீண்வேலை. உலகின் அரைவாசி நாட்காட்டிகளில் அது இருக்கிறது.

அறையோ குகையறை. முகப்பு ஒடுங்கியது, உள்ளே நீண்டு செல்வது, மேலே வளைகூரை. கதவின் இருபுறமும் இரண்டு சிறிய யன்னல்கள், கதவுக்கு மேல் இன்னொரு சிறு யன்னல். உட்பகுதி முழுவதற்கும் வெளிச்சமும் காற்றும் அவ்வழியாகவே வரவேண்டும். பிரசுரங்களில் 'காதலின் மெல்லிருள்' என்று வர்ணிக்கப்படும் இந்த இருள், வறுமையின் கட்டடக்கலையில் இருந்து வந்ததாகும். தீவில் மரம் இல்லை. ஆகவே கூரைக்குத் தீராந்தி இல்லை. ஆனால் எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறை தாராளமாக உண்டு. மாலுமிகளும் கூலியாட்களும் அதைக் குடைந்து வீடாக்கிக்கொண்டார்கள். கோடையில் குளிர்ச்சி, மாரியில் வெதுவெதுப்பு. ஆறில்லாத தீவில் கூரையில் விழும் மழைநீரை நிலத்தடித் தொட்டியில் சேர்த்துக் குடித்தார்கள். கப்பல் உரிமையாளர்களும் கப்பித்தான்களும் மேட்டில் மாளிகை கட்டி வாழ்ந்தனர். செங்குத்துச் சரிவிலே குகை வீடுகளில் இருந்தவர்கள் ஏழைகள். இன்று அந்தச் சரிவுதான் அதிக விலை போகிறது.

இந்த மண்ணுக்கு இன்னொரு கதையும் உண்டு. சுண்ணாம்புடன் கலந்தால் நீருக்கடியிலும் இறுகும் தன்மை இத்தீவின் எரிமலை மண்ணுக்கு இருந்தது. 1869 இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயின் கட்டுமானத்திற்கு அது கப்பல் கப்பலாக ஏற்றிச் செல்லப்பட்டது. அந்தக் கால்வாய் வழியாக வந்த நீராவிக் கப்பல்களே எமது கொழும்பைக் கீழைத்தேயத்தின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக ஆக்கின. ஆனால் இயா வாழ்ந்தது பாய்மரக் கப்பல்களை நம்பி. நீராவியின் யுகம் வந்ததும் அந்தக் கிராமத்தின் தொழில் படுத்துவிட்டது. தன் மண்ணைக் கொடுத்துத் தன் காலத்தை முடித்துக்கொண்ட ஊர் என்றுகூடச் சொல்லலாம்.

எஞ்சியிருந்ததை 1956 ஜூலை 9 ஆம் திகதி ஏற்பட்ட பூமியதிர்ச்சி முடித்துவைத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருந்தொகையான வீடுகள் இடிந்தன அல்லது குடியிருக்க முடியாதவையாகின. குடும்பங்கள் ஏதென்ஸ் நோக்கிப் புறப்பட்டன. இயா ஏறக்குறையப் பாழடைந்த ஊராயிற்று. இன்று ஓர் இரவுக்குப் பல நூறு யூரோக்கள் கேட்கப்படும் குகைகள் அன்று அற்ப விலைக்குக்கூட வாங்க ஆளின்றிக் கிடந்தன.

அவற்றை மீட்டது உல்லாசப் பிரயாணத்துறையே என்பதை மறைக்கக்கூடாது. 1970களின் நடுப்பகுதியில் கிரேக்கத் தேசிய சுற்றுலா அமைப்பு, பாழடைந்துகொண்டிருந்த மரபுக் கிராமங்களைப் பாதுகாக்கும் திட்டமொன்றை ஆரம்பித்தது. இயாவும் அதில் அடங்கியது. வீடுகளை உரிமையாளரிடமிருந்து குறிப்பிட்ட காலத்திற்குப் பெற்று, பழைமை கெடாமல் திருத்தி, விருந்தினர் இல்லங்களாக நடத்தி, பின்னர் உரிமையாளரிடமே கையளிப்பது அத்திட்டத்தின் நடைமுறை. அரசாங்கம் ஒன்றின் கையால் நடந்த மெச்சத்தக்க காரியங்களில் ஒன்று இது. அதன் நோக்கம் வீட்டைக் காப்பாற்றி அதன் மூலம் ஊரையும் காப்பாற்றுவதாகும். வீடுகள் காப்பாற்றப்பட்டன. ஊர் காப்பாற்றப்பட்டதா என்பதே வாதத்திற்குரியது.

இரண்டாம் நாள் காலை ஒழுங்கைகளில் நடந்துகொண்டிருந்தபோது மனைவி திடீரென்று நின்று, "இங்கை ஒரு வீட்டிலயும் சமைக்கிற மணம் வரேல்லையே" என்றார். ஒரு பத்திரிகையாளனுக்குப் படாதது அவருக்குப் பட்டது. அதன் பின்னரே நானும் கவனித்தேன். சரிவின் அந்தப் பகுதியில் உலர்த்திய துணிகூட இல்லை. பிள்ளைகளின் சத்தம் இல்லை. பூட்டிய வீடுகளின் மௌனத்தை யாழ்ப்பாணத்தவர்களான நாம் நன்கு அறிவோம். ஆனால் இது வேறு வகை. கதவுகள் திறந்திருந்தன, விளக்குகள் எரிந்தன, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. குடியிருப்பவர் மாத்திரம் இல்லை.

வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண் கிரேக்கத்தின் வடபகுதியைச் சேர்ந்தவர். நாங்கள் தங்கிய எட்டு அறைகளும் முன்னர் நான்கு குடும்பங்களின் வீடுகள் என்றார் அவர். சமையலறை இருந்த இடத்தில் குளியலறை. முற்றம் இருந்த இடத்தில் சிறு நீச்சல் தடாகம். மழைநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்து வாழ்ந்த மக்களின் முற்றத்தில், கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிநீர் பெறவேண்டிய ஒரு தீவில், ஒவ்வொரு இணைக்கும் தனித்தனித் தடாகம். நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். தீவின் மறுபுறத்தில், வேறு மூவருடன் ஓர் அறையில் என்றார். ஆறு மாதம் வேலை, பின்னர் ஊர். அவர் முறையிடவில்லை, சாதாரணமாகவே சொன்னார்.

அவர் பருவகால ஊழியர். ஆண்டு முழுவதும் அத்தீவுக்குத் தேவைப்படும் ஆசிரியரையும் மருத்துவரையும் தாதியையும் நினைத்துப் பாருங்கள். தீவுகளுக்கு நியமனம் பெறும் ஆசிரியர்கள் வாடகைக்கு வீடு கிடைக்காமல் திண்டாடுவது கிரேக்கப் பத்திரிகைகளில் பாடசாலை தொடங்கும் காலத்தில் தவறாமல் வரும் செய்தி. வீடு கிடைத்தாலும், உல்லாசப் பிரயாணிகளின் வருகை தொடங்கும்போது காலிசெய்யவேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஒரு வாரத்தில் பிரயாணியிடம் பெறக்கூடிய பணத்தை ஆசிரியரிடம் இரண்டு மாதத்தில் பெறமுடியாதபோது, வீட்டுக்காரரை மாத்திரம் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. ஆனால் ஆசிரியர் இல்லாத தீவில் எந்தக் குடும்பம் பிள்ளைகளுடன் தங்கியிருக்கும்?

பதினைந்தாயிரத்துக்குச் சற்று அதிகமானோர் நிரந்தரமாக வாழும் தீவுக்கு ஆண்டுதோறும் முப்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். 2023 இல் மாத்திரம் சுமார் 800 உல்லாசக் கப்பல்கள் 13 இலட்சம் பேரளவில் கொண்டுவந்தன. நாளொன்றுக்கு 8000 கப்பற் பிரயாணிகள் என்ற உச்சவரம்பு 2025 இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை முதல், உச்ச பருவத்தில் சான்டோரினியிலும் மிக்கோனோஸிலும் இறங்கும் கப்பற் பிரயாணி ஒவ்வொருவரிடமும் 20 யூரோ அறவிடப்படுகிறது. ஹோட்டல்களில் தங்குவோரும் தப்பவில்லை. காலநிலைப் பாதிப்புகளைச் சமாளிப்பதற்கான வரியாக நாங்கள் தங்கிய நான்கு நட்சத்திரத் தரத்து விடுதியில் இரவொன்றுக்கு 10 யூரோ செலுத்தினோம். ஐந்து நட்சத்திரமாயின் 15 யூரோ.

இங்கே ஒரு தற்பெருமையைப் பற்றிச் சொல்லவேண்டும். பூட்டிக் ஹோட்டலில் தங்குபவர், கப்பலில் வந்திறங்கி நாலு மணித்தியாலத்தில் திரும்பும் கூட்டத்தைச் சற்று ஏளனமாகவே பார்க்கிறார். காலையுணவு மேசையில் அந்த ஏளனத்தைப் பல மொழிகளில் கேட்டேன். உண்மையில் கப்பற் பிரயாணி வீதியை நிரப்புகிறார், ஒரு ஐஸ்கிரீம் வாங்குகிறார், போய்விடுகிறார். வீட்டை எடுத்துக்கொள்பவர் அவரல்லர், தங்கிச் செல்லும் நாம். நாம் அதிகம் செலவிடுகிறோம் என்பது உண்மையே. அந்தப் பணமே சரிவில் எஞ்சியிருக்கும் கடைசிக் குடும்பத்தையும் விற்றுவிட்டுப் போகத் தூண்டுகிறது என்பதும் உண்மையே. 'ஆரவாரமற்ற அமைதி' என்று எமக்கு விற்கப்படுவது அயலவர் இல்லாமையே.

இத்தகைய ஊர் எவ்வளவு இலகுவாகக் காலியாகும் என்பதை 2025 இன் தொடக்கம் காட்டியது. ஜனவரி இறுதியிலிருந்து சான்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் இடைப்பட்ட கடற்பகுதியில் ஆயிரக்கணக்கான நில அதிர்வுகள் பதிவாகின. பாடசாலைகள் மூடப்பட்டன. பெப்ரவரி 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினர். நல்லவேளையாக உயிரிழப்பு எதுவும் ஏற்படவில்லை. பருவம் தொடங்கியதும் விடுதிகள் மீண்டும் திறந்தன.

தீவின் தெற்கே உள்ள அக்ரோத்திரியில், 1967 இல் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் தொடங்கிய அகழ்வில் வெளிப்பட்ட வெண்கலக்கால நகரத்தைப் பார்த்தோம். இரண்டு, மூன்று மாடி வீடுகள், வீதியின் கீழே கழிவுநீர் வாய்க்கால், சுவரோவியங்கள் தீட்டப்பெற்ற அறைகள். ஆனால் மனித எச்சங்கள் எவையும் அங்கு கிடைக்கவில்லை. எரிமலை வெடிப்பதற்கு முன்னர் மக்கள் தப்பிச் சென்றிருக்கவேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எரிமலையும் பூமியதிர்ச்சியும் இத்தீவை முன்னர் வெறுமையாக்கின. இயற்கை துரத்தும்போது போனவர்களில் சிலரேனும் திரும்பி வந்து குடியேறினார்கள். விலை துரத்தும்போது போகிறவர்கள் திரும்புவதற்கு வழியே இல்லை.

அப்படியானால் அங்கே போகவேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. உல்லாசப் பிரயாணிகள் வராவிட்டால் சான்டோரினி மீண்டும் தக்காளிக்கும் அவரைக்கும் திராட்சைக்கும் திரும்பவேண்டும். கடுங்காற்றிலிருந்து காப்பதற்காகக் கொடியைத் தரையோடு கூடைபோல் வளைத்து வளர்க்கும் அந்தத் தோட்டங்கள் எவ்வளவு அழகாயினும், அவற்றை நம்பி வாழ்ந்த காலத்துப் பஞ்சத்தை அங்குள்ள முதியவர்கள் எவரும் விரும்பி நினைவுகூரமாட்டார்கள். ஏழ்மையைத் தூரத்திலிருந்து புகழ்வது எழுத்தாளர்களின் பழைய வியாதி. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தேவைப்படுவது எல்லை. தீவில் இனிப் புதிய படுக்கைகள் வேண்டாம் என்று அதன் மேயர் நிக்கோஸ் ஸோர்ஸோஸ் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார். நியாயமான கோரிக்கை. அத்துடன், பிரயாணிகளிடம் அறவிடும் வரியில் ஒரு பங்கை ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் ஊழியருக்கும் வீடு கட்டச் செலவிட்டால் அந்த 10 யூரோவை முகம் சுளிக்காமல் கொடுக்கலாம்.

எமக்கும் ஒரு கடமை உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் வாழும் எமது பிள்ளைகள் இன்று தேனிலவுக்கும் திருமண நாளுக்கும் இத்தகைய தீவுகளைத் தேடிப் போகிறார்கள். போகட்டும், மகிழ்ச்சியே. பதிவு செய்வதற்கு முன்னர் கடல் தெரியுமா என்று கேட்பதுடன் வேறு மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். உரிமையாளர் அந்தத் தீவில் வசிக்கிறாரா? வேலை செய்பவர்கள் எங்கே தங்குகிறார்கள்? பக்கத்து வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வந்தால், காலையில் ஒரு குழந்தை அழும், யாரோ வெங்காயம் வதக்குவார்கள், அமைதி சற்றுக் குலையும். அந்த அறையையே எடுங்கள்.