வெளியே ஒண்ணு... உள்ளே வேற!

இன்னைக்கு ஷோரூம்ல புது பைக் எடுத்தா, பெரும்பாலும் அதுல கார்புரேட்டர் இருக்காது. 2020-ல பி.எஸ்-6 விதி வந்ததும் பெரும்பாலான பைக்குகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியாச்சு. அப்பாவோட பழைய பைக்குக்கு காலங்காத்தால சோக் போட்டு, பத்து கிக் அடிச்ச புண்ணியவான்களுக்குத்தான் அந்தப் பித்தளை ஜெட்டோட அருமை தெரியும்.

பைக்குல தப்பான கார்புரேட்டர் மாட்டினா மைலேஜ் அடி வாங்கும், சிக்னல்ல நின்னு மானத்தை வாங்கும். ஓரமா தள்ளிக்கிட்டுப் போயிடலாம். வானத்துல ஓரம் ஏது?

இதை ஏன் சொல்றேன்னா, ஏரோநாட்டிக்கல் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: ‘‘பழைய குட்டி விமானத்தோட இன்ஜின் இருக்கு. கூடவே ஒரு கார்புரேட்டரும் இருக்கு. இது ரெண்டும் ஜோடிதானான்னு எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?’’ சூப்பர் கேள்வி!

மஞ்சள் கலர் பைப்பர் ஜே-3 கப் விமானத்தைப் படத்துலயாவது பார்த்திருப்பீங்க. 1938-ல இருந்து 1947 வரைக்கும் அமெரிக்காவுல ஆயிரக்கணக்கில் செஞ்சது. அதுல ரொம்பப் பிரபலம் கான்டினென்டல் ஏ-65 இன்ஜின். நாலு சிலிண்டர், 171 கன இன்ச் (சுமார் 2.8 லிட்டர்), 2300 ஆர்.பி.எம்.-ல 65 குதிரைத்திறன். அதோட அண்ணன் சி-85. அது 188 கன இன்ச், 2575 ஆர்.பி.எம். நம்ம ஊர் ஃப்ளையிங் கிளப்புகள்ல பறந்த எச்.ஏ.எல். புஷ்பக்கும் (முதல்ல பறந்தது 1958) இதே குடும்பத்து சி-90 இன்ஜின்தான்.

இந்த இன்ஜின்களோட அடியில தொங்குறது பெரும்பாலும் ஸ்ட்ராம்பெர்க் என்.ஏ-எஸ்3 வகை கார்புரேட்டர். பேரிலேயே கொஞ்சம் ஜாதகம் இருக்கு. ‘எஸ்’னா ஒற்றைக் குழல். ‘3’ங்கிறது சைஸ். 1-ங்கிறது ஒரு இன்ச், அப்புறம் ஒவ்வொரு நம்பருக்கும் கால் இன்ச் கூடும். அப்போ 3-னா ஒன்றரை இன்ச். ஆனா அதை வச்சு மட்டும் ஜோடி சேர்த்துட முடியாது. ஏ-65, சி-85 ரெண்டுலயும் தொங்குறதை வெளியே இருந்து பார்த்தா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். வித்தியாசம் வயித்துக்குள்ளே!

உள்ளே வென்சூரின்னு ஒரு இடுக்கு உண்டு. ஏ-65-க்கு அது 1¼ இன்ச், சி-85-க்கு 1⅜ இன்ச். வெறும் அரைக்கால் இன்ச்தானேன்னு நினைக்காதீங்க. பரப்பளவு கணக்குப் போட்டா 21 சதவிகிதம் அதிகம். இப்போ ரெண்டு இன்ஜினோட கன அளவையும் ஆர்.பி.எம்.மையும் பெருக்கிப் பாருங்க. சி-85 இழுக்கிற காத்து சுமார் 23 சதவிகிதம் அதிகம். எவ்வளவு பொருத்தம் பார்த்தீங்களா? (கால்குலேட்டர்ல நானே தட்டிப் பார்த்து அசந்துட்டேன்.)

மாத்தி மாட்டினா? சின்ன வென்சூரி பெரிய இன்ஜினோட கழுத்தைப் பிடிக்கும். டேக் ஆஃப்ல முழு த்ராட்டில் கொடுத்தும் பவர் வராது, எதிர்ல மரம் வரும். சின்ன இன்ஜின்ல பெரிய வென்சூரி போட்டா வேற கூத்து. காத்தோட வேகம் குறையும், உறிஞ்சுற சக்தி குறையும், அதே ஜெட் வழியா பெட்ரோல் கம்மியா வரும். கலவை மெலிஞ்சா சிலிண்டர் சூடாகும், டெட்டனேஷன் வரும், பிஸ்டன் காலி.

இன்னொரு வில்லன், நீடில் உட்கார்ற சீட். கப் விமானத்துல பெட்ரோல் பம்ப் கிடையாது. மூக்குப் பக்கம் இருக்கிற டாங்க்ல இருந்து தானா கீழே இறங்கணும். பம்ப் வச்ச விமானத்துக்குச் செஞ்ச சின்ன ஓட்டை சீட் இருந்தா, இன்ஜின் தாகத்துல தவிக்கும்.

அதனால தம்பி, முதல்ல கார்புரேட்டரைப் பார்க்காதீங்க, இன்ஜினோட தகட்டைப் பாருங்க. எந்த மாடல்னு குறிச்சுக்கிட்டு, லாக் புக்கைப் புரட்டுங்க. 70, 80 வருஷத்துல யாராவது ஏ-65-ஐ 75 குதிரைத்திறன் ஏ-75-ஆ மாத்தியிருக்கலாம். அப்புறம் அந்த மாடலோட டைப் சர்ட்டிஃபிகேட் விவரத்தாள், கம்பெனி பார்ட்ஸ் கேட்லாக். எந்தக் கார்புரேட்டர், எந்த செட்டிங் எல்லாம் அங்கே கிடைக்கும். கார்புரேட்டர் தகட்டை அதோட ஒப்பிடுங்க. ஒத்துப்போனாலும் நம்பாதீங்க! தகடு பழசு, உள்ளே இருக்கிற ஜெட் எவர் போட்டதோ. லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர் திறந்து, வென்சூரி, ஜெட், ஃப்ளோட் மட்டம் மூணையும் அளந்து பார்த்துத்தான் ஓகே சொல்லணும்.

சில இன்ஜின்கள்ல ஸ்ட்ராம்பெர்க்கை எடுத்துட்டு மார்வெல்-ஷெப்ளர் எம்.ஏ-3 வகையை மாட்டியிருப்பாங்க. பேப்பர்ல அனுமதி இருந்தா தப்பே இல்லை. ஆனா ஸ்டார்ட் பண்றவர் உஷாரா இருக்கணும். கப்புல செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது, கையாலதான் புரொப்பெல்லரைச் சுத்தணும். ஸ்ட்ராம்பெர்க்ல ஆக்ஸிலரேட்டர் பம்ப் இல்லை. அதனால த்ராட்டிலை எத்தனை தடவை முன்னும் பின்னும் தள்ளினாலும் ஒண்ணும் ஆகாது. அதே பழக்கத்துல மார்வெல்ல தள்ளினா ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் பீச்சும். கார்புரேட்டர் இருக்கிறது இன்ஜினுக்கு அடியில. பீச்சின பெட்ரோல் மேல ஏறாம கீழே காத்துப் பெட்டியில வழியும். அந்த நேரம் ஒரு பேக்ஃபயர் வந்தா... ஃபயர் எக்ஸ்டிங்விஷர் எங்கேன்னு முதல்லயே பார்த்து வச்சுக்கோங்க தம்பி!